பத்து சென் கடன்: கினுவே ஹிதோமியின் வாழ்க்கை

நூற்றாண்டு மலரில், ஓடுபாதைக்கு முதன்முதல் வந்த பெண்களுள் ஒருவரின் வாழ்க்கை இடம்பெற வேண்டும் என்று முடிவானபோது, எங்களுள் பலர் சுசந்திகா ஜயசிங்கவின் பெயரையே முன்மொழிந்தோம். 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் 200 மீற்றர் ஓட்டத்தில் அவர் பெற்ற பதக்கத்தை நாட்டில் யார்தான் மறந்தார்? ஆயினும் அவர் இன்றும் நம்மோடு வாழ்பவர். அவருடைய கதையை எழுத இன்னும் காலம் இருக்கிறது. அவருக்கு 72 ஆண்டுகளுக்கு முன்னரே, ஆசியாவிலிருந்து சென்று ஒலிம்பிக் மெய்வல்லுநர் போட்டியில் பதக்கம் பெற்ற முதற் பெண் ஒருவர் இருந்தார். யப்பான் நாட்டவர். பெயர் கினுவே ஹிதோமி. 24 வயதிலே மறைந்தவர்.

பதுளைக்கும் யப்பானுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தோன்றும். நேரடியான சம்பந்தம் எதையும் நாங்கள் சொல்ல வரவில்லை. ஆனால் நம் சங்கத்துக்கு இப்போது வயது நூறு. பெண்கள் ஒலிம்பிக் ஓடுபாதையில் கால் வைத்தும் ஏறத்தாழ அவ்வளவு காலந்தான். நமுனுகுல மலையைப் பார்த்தபடி, சுண்ணாம்புக் கோடு போட்ட மைதானத்தில் வெறுங்காலோடு 800 மீற்றர் ஓடிய நம் பிள்ளைகள் எத்தனை பேர்! அந்தத் தூரம் ஒரு காலத்தில் உலகப் பெண்கள் எல்லோருக்குமே ஒலிம்பிக்கில் மூடப்பட்டிருந்தது என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. மூடப்படுவதற்கு முன்னர் அதை ஓடி இரண்டாவதாக வந்தவர் ஹிதோமி. பின்னாளில் பாடசாலை மாணவியர் சேர்த்துக் கொடுத்த சில்லறைக் காசில் கடல் கடந்தவரும் அவரே. அதனால் இது நமக்கும் உரிய கதை என்று கருதி எழுதுகிறோம்.

1907ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் திகதி, ஒக்கயாமா மாகாணத்தின் ஃபுக்குஹாமா என்னும் கிராமத்தில், விவசாயக் குடும்பம் ஒன்றின் இரண்டாவது மகளாக ஹிதோமி பிறந்தார். படிப்பில் கெட்டி. ஒக்கயாமா நகரிலிருந்த பெண்கள் உயர் பாடசாலையில் இடம் கிடைத்தது. பெண்பிள்ளையை நல்ல மனைவியாகவும் அறிவுள்ள தாயாகவும் ஆக்கிவிடுவதே அக்கால யப்பானியப் பெண்கள் பாடசாலைகளின் நோக்கம். நம் நாட்டிலும் நிலைமை பெரிதாக வேறுபட்டிருக்கவில்லை. தையற் கூடைக்கு இருந்த மதிப்பு பந்துக்கு இருந்ததில்லை. ஆனால் ஹிதோமி படித்த பாடசாலையின் அதிபர் உடற்கல்வியில் அக்கறை கொண்டவர். அங்கே ஹிதோமி டென்னிஸ் மட்டையைப் பிடித்தார். அதிலேயே பெயரும் எடுத்தார். ஐந்தரை அடிக்கும் மேலான உயரம், நீண்ட கால்கள். அந்த நாளைய யப்பானியப் பெண்களிடையே அப்படி ஓர் உயரம் அபூர்வம். வகுப்பில் நிற்கும்போது அது கூச்சம் தந்திருக்கலாம். மைதானத்தில் அதுவே சொத்து.

1923இல் மாகாணப் போட்டி ஒன்றில் நீளம் பாய்தலுக்கு அவரை இறக்கிவிட்டார்கள். 4.67 மீற்றர் பாய்ந்தார். அதுவரை எந்த யப்பானியப் பெண்ணும் அவ்வளவு தூரம் பாய்ந்ததாகப் பதிவு இல்லை. அப்போது அவருக்கு வயது 16.

அடுத்த ஆண்டு டோக்கியோவுக்குப் போனார். இங்கிலாந்தில் உடற்கல்வி பயின்று திரும்பிய நிக்கைதோ தொக்குயோ என்ற அம்மையார், 1922இல் பெண்களுக்கென ஓர் உடற்பயிற்சிக் கல்லூரியை அங்கே தொடங்கியிருந்தார். இன்று அது யப்பானியப் பெண்கள் உடற்கல்விப் பல்கலைக்கழகமாக வளர்ந்து நிற்கிறது. போட்டிக்காக ஓடுவதும் பாய்வதும் தொக்குயோ அம்மையாருக்கு முதலில் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. அழகும் ஒழுங்குமான உடற்பயிற்சியே அவர் விரும்பியது. அந்த எண்ணத்தை மாற்றியவர் அவருடைய இந்த மாணவிதான் என்பார்கள். மாணவி ஆசிரியைக்குக் கற்பித்த சந்தர்ப்பங்கள் நம் பாடசாலையிலும் உண்டு. அதை இங்கே விரிக்கவில்லை. ஹிதோமி டோக்கியோவுக்குப் பெட்டி கட்டிய அதே 1924இல்தான் மலையகப் புகையிரதம் தெமோதரை வளைவைச் சுற்றி இறங்கி பதுளைக்கு வந்து சேர்ந்தது.

படிப்பு முடிந்து சிறிது காலம் ஆசிரியையாக இருந்தார். 1926இல் ஒசாக்கா மைநிச்சி என்னும் பெரும் பத்திரிகை நிறுவனம் அவரைத் தன் பணியில் சேர்த்துக்கொண்டது. பத்திரிகையாளர் என்ற வேலை பெயருக்காகக் கொடுக்கப்பட்டதன்று. அவர் உண்மையிலேயே எழுதினார். பல நூல்களும் எழுதி வெளியிட்டார். காலையில் பயிற்சி, பகலில் அலுவலகம், இரவில் எழுத்து என்று ஓடிய வாழ்க்கை அது. இவ்வளவு குறுகிய ஆயுளில் இத்தனையையும் எப்படித் திணித்தார் என்று வியப்பாக இருக்கிறது.

இந்த இடத்தில் பிரான்ஸ் நாட்டு அலீஸ் மில்லியாவைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஒலிம்பிக்கில் பெண்களுக்கும் மெய்வல்லுநர் போட்டிகளைச் சேர்க்கும்படி 1919இல் கேட்டவர் அவர். மறுத்துவிட்டார்கள். நவீன ஒலிம்பிக்கைத் தோற்றுவித்த கூபர்த்தன் பிரபுவுக்குப் பெண்கள் மைதானத்தில் ஓடுவது அறவே பிடிக்காது; வென்ற ஆண்களுக்கு முடிசூட்டுவதே பெண்களின் பங்கு என்பது அவர் கொள்கை. மில்லியா வாதாடிக்கொண்டு இருக்கவில்லை. 1921இல் பெண்களுக்கென ஒரு சர்வதேச விளையாட்டுச் சம்மேளனத்தை உருவாக்கினார். 1922இல் பாரிஸில் பெண்கள் ஒலிம்பிக் என்ற பெயரில் ஒரு போட்டியையே நடத்திக் காட்டினார். ஒலிம்பிக் என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்று ஆண்கள் சபை சண்டைக்கு வந்தது. ஆகவே இரண்டாவது போட்டி, 1926 ஓகஸ்டில் சுவீடனின் கோதன்பர்க் நகரில், பெண்கள் உலக விளையாட்டுப் போட்டி என்ற பெயரில் நடந்தது.

அந்தப் போட்டிக்குத்தான் 19 வயது ஹிதோமி புறப்பட்டார். யப்பானிலிருந்து சென்ற வீராங்கனை அவர் ஒருவர் மட்டுமே. சைபீரியாவைக் குறுக்கறுத்துச் செல்லும் நெடும் புகையிரதத்தில் நாட்கணக்காகப் பயணம். பதுளையிலிருந்து கொழும்புக்கு இரவுப் புகையிரதத்தில் தனியே பிள்ளையை அனுப்ப நம் தாய்மார் எவ்வளவு யோசிப்பார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த வீட்டார் எடுத்த முடிவின் பாரம் விளங்கும். வண்டி நிற்கும் இடங்களில் மேடையில் இறங்கி ஓடிக் கால்களைத் தளர்த்திக்கொண்டார் என்று சொல்வார்கள்.

கோதன்பர்க்கில் மூன்று நாட்கள். நீளம் பாய்தலில் 5.50 மீற்றர் பாய்ந்து உலக சாதனையோடு முதலிடம். நின்ற இடத்திலிருந்து பாய்வதிலும் முதலிடம். பரிதிவட்டம் வீசுதலில் இரண்டாமிடம். 100 யார் ஓட்டத்தில் மூன்றாமிடம். வீராங்கனைகள் அனைவருள்ளும் தனியாக அதிகப் புள்ளி பெற்றவர் அவரே. மில்லியா அம்மையார் கையால் சிறப்பு விருதும் கிடைத்தது. துணைக்கு வேறு வீராங்கனை இன்றி, தெரியாத மொழியும் பழக்கமில்லாத உணவுமாக இருந்த ஊரில் ஒரு பெண் சாதித்தது இது.

வெற்றியோடு வம்பும் வந்தது. இவ்வளவு உயரம், இவ்வளவு வேகம், இவர் உண்மையில் பெண்தானா என்று பேச்சு எழுந்தது. சொந்த நாட்டிலேயே எழுந்தது. நிறுத்திவைத்துக் கேட்டவர்களும் உண்டு, அச்சில் ஏற்றியவர்களும் உண்டு. இந்த இடத்தைப் படிக்கும்போது எங்களுக்குப் புதுக்கோட்டை மாவட்டத்துச் சாந்தி சௌந்தரராஜனின் நினைவு வந்தது. செங்கற்சூளைக் கூலிகளின் மகளான அவர், 2006இல் டோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீற்றரில் வெள்ளி வென்றார். பாற்சோதனை என்ற பெயரில் அந்தப் பதக்கத்தைப் பறித்து, அவரை ஊரறியக் கூனிக்குறுக வைத்தார்கள். எண்பது ஆண்டுகள் கடந்தும் கேள்வி மாறவில்லை. ஹிதோமி அந்தப் பேச்சுக்குப் பதில் சொல்லிக்கொண்டு இருக்கவில்லை. அடுத்த பயிற்சிக்குப் போனார். ஆனால் அது அவரை வருத்தவில்லை என்று நாம் எண்ணிவிட வேண்டாம். வருத்தியது.

1928 மே மாதம் ஒசாக்காவில் 5.98 மீற்றர் நீளம் பாய்ந்தார். அந்த உலக சாதனை 1939 வரை, பதினொரு ஆண்டுகள், அசையாமல் நின்றது. அதே மாதத்தில் 100 மீற்றரை 12.2 செக்கனில் ஓடி அதிலும் உலக சாதனை படைத்தார். அதே ஆண்டில்தான் மில்லியாவின் பிடிவாதத்துக்கு ஒலிம்பிக் சபையும் பாதி இறங்கி வந்தது. அம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு ஐந்தே ஐந்து மெய்வல்லுநர் நிகழ்ச்சிகள் அனுமதிக்கப்பட்டன: 100 மீற்றர், 800 மீற்றர், உயரம் பாய்தல், பரிதிவட்டம், அஞ்சலோட்டம். ஹிதோமியின் சொந்த நிகழ்ச்சியான நீளம் பாய்தல் பட்டியலில் இல்லை! யப்பான் அணியில் பெண் என்று இருந்ததும் அவர் ஒருவரே.

ஆகவே எல்லா நம்பிக்கையும் 100 மீற்றரில் வைக்கப்பட்டது. அரையிறுதியில் நான்காவதாக வந்து வெளியேறினார். அமெரிக்காவின் பெட்டி ரொபின்சன் என்ற 16 வயதுப் பிள்ளை பிற்பாடு அதில் தங்கம் வென்றார்.

அன்று இரவு ஹிதோமி அழுது தீர்த்தார் என்று அவரே பின்னர் எழுதியிருக்கிறார். தோற்ற ஆண் வீரர் அடுத்த முறை பார்க்கலாம் என்று ஊர் திரும்பலாம். தனியாகப் போன ஒரே பெண் அப்படித் திரும்ப முடியாது. திரும்பினால் பெண்களை அனுப்புவதே வீண் என்று சொல்லக் காத்திருப்பவர்கள் அதிகம். அவர் பெயர் 800 மீற்றருக்கும் கொடுக்கப்பட்டிருந்தது. அந்தத் தூரம் அவருக்குப் பழக்கமில்லாதது. அவர் கால்கள் குறுந்தூரத்துக்கும் பாய்ச்சலுக்கும் பழகியவை. அதை ஓடித் தெரிந்த தோழிகளுக்கு இதன் பொருள் விளங்கும். முதற் சுற்றில் வேகத்தை எங்கே கட்டுவது, இரண்டாம் சுற்றில் மூச்சை எங்கே விடுவது என்பதெல்லாம் ஓடி ஓடித்தான் வரும். அணித் தலைமையிடம் கெஞ்சிக் கேட்டு அனுமதி பெற்றார். மறுநாளைக்கு மறுநாள், ஓகஸ்ட் 1ஆம் திகதி தகுதிகாண் ஓட்டத்தில் தேறினார். ஓகஸ்ட் 2ஆம் திகதி இறுதி ஓட்டம்.

ஒன்பது பேர் கோட்டில் நின்றார்கள். முதற் சுற்றில் ஹிதோமி பின்தங்கினார். இரண்டாம் சுற்றில் ஒருவர் பின் ஒருவராகக் கடந்து மேலே வந்தார். ஜேர்மனியின் லீனா ராட்கே முன்னே போய்க்கொண்டிருந்தார். இடையில் சுவீடனின் இங்கா கென்ட்செல். கடைசி நேர்க்கோட்டில் ஹிதோமி சுவீடன் பெண்ணையும் தாண்டிவிட்டார். ராட்கேயைப் பிடிக்க முடியவில்லை. ராட்கேக்கு 2 நிமிடம் 16.8 செக்கன், ஹிதோமிக்கு 2 நிமிடம் 17.6 செக்கன். முதல் மூவரும் முந்தைய உலக சாதனையை முறியடித்திருந்தார்கள். எல்லைக் கோட்டைத் தாண்டியதும் ஹிதோமி விழுந்துவிட்டார். அதே நாளில் அதே மைதானத்தில் மிக்கியோ ஒடா முப்பாய்ச்சலில் தங்கம் வென்று, தனிநபர் நிகழ்ச்சியில் ஒலிம்பிக் தங்கம் பெற்ற முதல் ஆசியரானார். யப்பானுக்கு அது ஒரு பெரிய நாள்.

பெண்களுக்கு அது எப்படிப்பட்ட நாள் என்பது பத்திரிகைகள் வந்தபோதுதான் தெரிந்தது. ஓடிய பெண்கள் பாதிப்பேர் பாதியிலேயே நின்றுவிட்டார்கள், மற்றவர்கள் மயங்கிச் சரிந்தார்கள், பார்க்கவே பரிதாபம் என்று எழுதினார்கள். இல்லாத எண்ணிக்கையில் ஓட்டக்காரிகளைக் கூட எழுதிய நிருபர்கள் இருந்தார்கள். நடந்தது என்னவென்றால், ஒன்பது பேர் ஓடினார்கள். ஒன்பது பேரும் ஓட்டத்தை முடித்தார்கள். முடித்த பிறகு சிலர் புல்லில் சாய்ந்தார்கள். ஆண்கள் ஓட்டத்திலும் அப்படிச் சாய்வது அன்றும் வழக்கம், இன்றும் வழக்கம். ஆண் சாய்ந்தால் அது முயற்சி. பெண் சாய்ந்தால் அது பலவீனம். இந்தச் செய்திகளை ஆதாரமாகக் காட்டி, பெண் உடம்பு இரண்டு சுற்று தாங்காது என்று அதிகாரிகள் தீர்ப்பு எழுதினார்கள். அடுத்த ஒலிம்பிக்கில் 800 மீற்றர் இல்லை. பெண்களுக்கு 100 மீற்றரே மிக நீண்ட தனி ஓட்டம் என்றாயிற்று. 200 மீற்றர் சேர 1948 வரையும், 800 மீற்றர் திரும்பி வர 1960 ரோம் ஒலிம்பிக் வரையும் காத்திருக்க வேண்டியிருந்தது. 32 ஆண்டுகள்!

அந்த ஆண்டுகளில் ஊவாத் தோட்டங்களில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று யோசித்துப் பாருங்கள். விடியுமுன் பிரட்டுக்கு எழும்பி, கொழுந்துக் கூடையை முதுகில் சுமந்து, அட்டைக் கடியோடு மலை ஏறி இறங்கி, நிறுவைக்கு வந்து, திரும்பவும் ஏறினார்கள் நம் அம்மம்மாமாரும் அப்பம்மாமாரும். கர்ப்பிணிகளும் ஏறினார்கள். அவர்கள் உடம்பு அதைத் தாங்குமா என்று எந்தச் சபையும் கூடி ஆராயவில்லை. அவர்கள் பறித்த தேயிலையை அருந்தியவர்களே, பெண்ணுக்கு இரண்டு சுற்று ஆகாது என்று கவலைப்பட்டார்கள்.

ஹிதோமி ஊர் திரும்பிப் பதக்கத்தோடு ஓய்ந்திருக்கலாம். அவருக்கு வேறொரு எண்ணம். இரண்டு முறை தனியாகப் போயாயிற்று. இனித் தனியாகப் போகக் கூடாது. 1930 செப்டெம்பரில் செக்கோஸ்லோவாக்கியாவின் பிராக் நகரில் மூன்றாவது பெண்கள் உலகப் போட்டி. அதற்கு இளம் பெண்கள் ஐவரைத் தம்மோடு அழைத்துப் போக விரும்பினார். ஒருவர் போவதற்கே பணம் திரட்டுவது பாடு. ஆறு பேருக்கு எங்கே போவது? அவர் நாடெங்கும் உள்ள பெண்கள் பாடசாலைகளுக்கு எழுதினார். மாணவி ஒருவர் பத்து சென் வீதம் கொடுத்து உதவும்படி கேட்டார். பத்து சென் என்பது ஒரு யென்னில் பத்தில் ஒரு பங்கு. பிள்ளை ஒருத்தி தன் கைக்காசிலிருந்து கொடுக்கக் கூடிய தொகை. பிள்ளைகள் கொடுத்தார்கள். செல்வந்தர் ஒருவரிடம் மொத்தமாக வாங்கியிருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும். ஆனால் முன்பின் பார்த்திராத ஆயிரக்கணக்கான பிள்ளைகள் ஆளுக்கொரு காசு போட்டு ஆறு பெண்களைக் கப்பலேற்றினார்கள் என்பதில் இருக்கிற நெருக்கம் அதில் இருந்திராது.

இதை எழுதும்போது எங்களுக்குள் நெடுநேரம் பேச்சு நடந்தது. பசறை, லுணுகலை, மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வந்து நம்மோடு படித்தவர்கள் இதைச் சொல்லாமலே அறிவார்கள். வலய மட்டத்தில் முதலாவதாக வந்த பிள்ளை, மாகாண மட்டத்துக்குப் போகாமல் நின்றுவிடுவாள். காய்ச்சல் என்பாள். உண்மையில் பஸ் காசு இல்லை. அல்லது சப்பாத்து இல்லை. அல்லது கூடப் போக வேண்டிய அம்மாவுக்கு அன்றைக்குப் பேர் விழாது. ஒரு நாட் பேர் போனால் அந்த மாதச் சம்பளத்தில் எவ்வளவு குறையும் என்பது லயத்தில் வளர்ந்தவர்களுக்குத்தான் தெரியும். அப்படி நின்றுபோன பிள்ளைகள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? சிலர் இந்த மலரை வாசிக்கக்கூடும். லண்டனிலும் டொரொண்டோவிலும் சென்னையிலும் இருக்கும் நம் தோழியர் அவ்வப்போது அனுப்பும் உதவியில் இன்று சில பிள்ளைகள் ஓடுகிறார்கள் என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும்.

பிராக்கில் ஹிதோமி நீளம் பாய்தலில் 5.90 மீற்றர் பாய்ந்து தங்கம் வென்றார். மும்முனைப் போட்டியில் இரண்டாமிடம். 60 மீற்றரிலும் ஈட்டி எறிதலிலும் மூன்றாமிடம். நாடுகளின் வரிசையில் யப்பான் நான்காவதாக வந்தது. ஆறே பெண்கள் கொண்ட அணிக்கு அது சாமானிய நிலை அன்று. அதோடு முடியவில்லை. அடுத்தடுத்து வார்சா, பெர்லின், பிரசெல்ஸ், பாரிஸ் என்று போட்டிகள். ஒவ்வொன்றிலும் பல நிகழ்ச்சிகளில் இறங்கினார். கூட வந்த பிள்ளைகளின் படுக்கை, சாப்பாடு, உடல்நலம் எல்லாம் அவர் பொறுப்பே. அணியின் தலைவி, பயிற்றுநர், தாய் எல்லாம் அவர்தான். உடம்பு சொல்லத் தொடங்கியிருந்தது. அவர் கேட்கவில்லை.

நாட்டில் எதிர்பார்ப்போ வேறாக இருந்தது. கோதன்பர்க்கில் தனியே சென்று முதலாவதாக வந்தவர் இம்முறை ஏன் எல்லாவற்றிலும் வெல்லவில்லை என்று குறை சொன்னார்கள். கப்பலில் திரும்பும்போதே அந்தச் செய்தி அவரை எட்டியது. அழைத்துச் சென்ற பிள்ளைகளைப் பற்றியும் குறை பேசப்பட்டதே அவரை அதிகம் புண்படுத்தியது. எங்கள் அபிப்பிராயத்தில் அவர் வாழ்வின் மிகக் கசப்பான மாதம் அதுதான். அரையிறுதியில் தோற்ற அம்ஸ்டர்டாம் இரவன்று.

1930 நவம்பரில் கரை இறங்கியவர் ஓய்வெடுத்திருந்தால் ஒருவேளை பிழைத்திருப்பார். ஆனால் பத்து சென் கொடுத்த பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களுக்கு நன்றி சொல்லாமல் இருப்பது எப்படி? ஊர் ஊராகப் போனார். பாடசாலை பாடசாலையாக மேடையேறிப் பேசினார். பத்திரிகை வேலையும் நிற்கவில்லை. பயணத்தைப் பற்றி ஒரு நூலும் எழுதினார். கடிதம் எழுதி நன்றி சொல்லியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். அவருக்கு அது போதவில்லை.

1931 வசந்த காலத்தில் நுரையீரல் உறையழற்சி என்று ஒசாக்காவில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அது நிமோனியாவாக முற்றியது. அவரோடு ஒரே வீட்டில் வாழ்ந்துவந்த தோழி சோ ஃபுஜிமுரா உடனிருந்து கவனித்தார். இனி ஓட முடியுமா என்ற ஏக்கத்தோடேயே மாதங்கள் கழிந்தன. 1931 ஓகஸ்ட் 2ஆம் திகதி ஹிதோமி காலமானார். அம்ஸ்டர்டாமில் 800 மீற்றர் ஓடி முடித்து அன்றோடு சரியாக மூன்று ஆண்டுகள்.

அதற்கு முந்திய யூன் மாதத்தில்தான் நம் நாட்டில் சர்வசன வாக்குரிமையின் கீழ் முதலாவது தேர்தல் நடந்தது. பெண்களுக்கும் கிடைத்த அந்த உரிமையில், தோட்டத்துப் பெண்களுள்ளும் பலர் வாக்களித்தார்கள். 1948இல் குடியுரிமையையும், அதையடுத்து வாக்கையும் இழந்து, திரும்பப் பெற அவர்களின் மக்களும் பேரப்பிள்ளைகளும் பட்ட பாடு வேறு கதை. கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்வது ஓடுபாதையில் மட்டும் நடக்கவில்லை என்பதற்காகக் குறிப்பிட்டோம்.

ஹிதோமியின் அஸ்தியின் ஒரு பகுதி பிராக் நகரத்துக் கல்லறைத் தோட்டத்தில் வைக்கப்பட்டு அங்கே ஒரு நினைவுக்கல்லும் நாட்டப்பட்டது. இன்னொரு பகுதி, தோழி சோ ஃபுஜிமுராவின் ஏற்பாட்டில், யப்பானின் வடக்கே ஹச்சினோஹே என்ற ஊர்க் கோவிலில் இருக்கிறது. ரோமில் 1960இல் 800 மீற்றர் திரும்பவும் ஓடப்பட்டபோது சோவியத் நாட்டு லுத்மீலா ஷெவ்சோவா 2 நிமிடம் 4.3 செக்கனில் வென்றார். யாரும் சாகவில்லை. ஒலிம்பிக் மெய்வல்லுநர் போட்டியில் அடுத்த ஆசியப் பெண் பதக்கம் பெற 1968 ஆயிற்று. தாய்வானின் சீ செங் மெக்சிக்கோவில் 80 மீற்றர் தடைதாண்டலில் மூன்றாவதாக வந்தார்.

யப்பானியப் பெண்களுக்கோ 64 ஆண்டுகள் பிடித்தன. 1992இல் பார்சிலோனாவில் யூக்கோ அரிமோரி மரதன் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். அவரும் ஒக்கயாமாக்காரி. பார்சிலோனாவில் அவர் ஓடி முடித்தது ஓகஸ்ட் 1ஆம் திகதி மாலை. யப்பானில் அப்போது நள்ளிரவு தாண்டி ஓகஸ்ட் 2ஆம் திகதி பிறந்திருந்தது. ஒக்கயாமாவில் மார்கழிக் குளிரில் நடைபெறும் பெண்கள் வீதியோட்டத்தில், அரை மரதன் அரிமோரியின் பெயரிலும் 10 கிலோமீற்றர் ஹிதோமியின் பெயரிலும் ஓடப்படுகின்றன.